ஒளி கூறும் சான்று

பொதிய மலையில் தோன்றி, நெல்லைச் சீமையை வளப்படுத்தி, புன்னைக்காயல் என்னும் ஊரருகே கடலொடு கலப்பது தாமிரபரணி ஆறு. பொருநை என்பது அதன் பழம்பெயர். அஃது கடலொடு கலந்த இடத்தில் பண்டு கொற்கை என்னும் பெருந்துறை சிறந்து விளங்கிற்று. பாண்டியரின் முத்துகள் அத்துறையிலிருந்து கடல் கடந்து சென்றன. ஆயின் ஆறு கொணர்ந்த வண்டல் ஆண்டுதோறும் படியப் படியக் கடல் பின்வாங்கிற்று. கொற்கை இன்று கடலினின்று சில கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூராக இருக்கிறது. துறைமுகத்தின் சிறப்பு முதலில் காயலுக்கும், பின்னர்த் தூத்துக்குடிக்கும் சென்றது. ஓர் ஆறு தான் சுமந்து வருவதைக் கடலிடம் சேர்த்தே தீரும் என்பதற்குக் கொற்கையே சான்று. அவ்வாறாயின், மண்ணைச் சுமந்து வரும் ஆறு, மண்ணோடு வேறு எதனைச் சுமந்து வருகிறது? கையில் அள்ளிய நீர் தெளிந்திருப்பின், அது தூயது என்று கொள்ளலாமா?

இவ்வினாவுக்கு விடை காணுமுன், அக்கடற்கரையின் பழைய வழக்கம் ஒன்றை அறிதல் நலம். மன்னார் வளைகுடாவில், ஏறத்தாழ 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில், முத்துச் சிப்பிகள் செறிந்து வாழும் தளங்கள் உள்ளன. அவற்றைப் 'பார்' என்று வழங்குவர். முத்துக்குளிப்பு நடத்தலாமா, கூடாதா என்று முடிவு செய்யுமுன் அதிகாரிகள் பார்களை ஆராய்வர். குளியாளிகள் கடலடியில் இறங்கி மாதிரிச் சிப்பிகளை எடுத்து வருவர். அவற்றினின்று முத்துகளைப் பிரித்தெடுத்து, எண்ணி, தரம் பார்த்து, விலை மதிப்பர். அதன் பின்னரே முத்துக்குளிப்பு அறிவிக்கப்படும். கடலின் மேற்பரப்பைக் கண்டு, கீழே உள்ள முத்தின் மதிப்பை எவரும் கூறியதில்லை. மாதிரி எடுத்தல், ஆராய்தல், அதன் பின் உரைத்தல் என்னும் ஒழுங்கை அக்கடற்கரை நெடுங்காலமாக அறிந்திருந்தது. முத்துக்கு அன்று வேண்டிய அவ்வொழுங்கு, நீருக்கு இன்று வேண்டியதாயிற்று.

தாமிரபரணியின் இறுதி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் உள்ளது. அதன் வடகாலும் தென்காலும் பாயும் நிலங்களில் நெல்லும் வாழையும் விளைகின்றன. ஆத்தூர்ப் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால்கள் செழிக்கின்றன. வடக்கே கோவில்பட்டி, விளாத்திகுளம் பகுதிகளின் கரிசல் நிலம் பருத்திக்குப் பேர் பெற்றது. பயிர் உள்ள இடத்தில் பூச்சியும் உண்டு. நெல்லின் குருத்தைத் துளைப்பது ஒரு பூச்சி. பருத்தியின் காயைக் குடைவது ஒரு புழு. பல திங்கள் உழைத்து வளர்த்த பயிர் சில நாளில் அழிவதைக் காணும் உழவர், பூச்சிக்கொல்லியை நாடுவதில் வியப்பில்லை. ஆனால் தெளித்த மருந்து முழுவதும் பூச்சியின் மேல் படுவதில்லை. ஒரு பகுதி இலையிலும், ஒரு பகுதி மண்ணிலும் தங்குகிறது; ஒரு பகுதி காற்றில் பறக்கிறது. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, மண்ணில் தங்கியதன் ஒரு பங்கு வடிகாலில் இறங்கி, குளத்தையும் ஆற்றையும் அடைந்து, முடிவில் கழிமுகத்தைச் சேரவும் கூடும்.

பூச்சிக்கொல்லிகளின் வரலாறு நன்மையும் தீமையும் விரவியது. 1939-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டுப் பால் முல்லர், டி.டி.டி. என்னும் பொருளுக்குப் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டெனக் கண்டார். கொசுக்களால் பரவும் மலேரியாவையும், பேன்களால் பரவும் கொடிய காய்ச்சலையும் அது பல நாடுகளில் அடக்கியது. அதற்காக 1948-இல் முல்லருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. எனினும் அப்பொருள் எளிதில் சிதைவதில்லை. நீரிலிருந்து சிற்றுயிர்க்கும், சிற்றுயிரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் ஏறி, ஏறுந்தோறும் செறிகிறது. அமெரிக்க நாட்டு ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' என்னும் நூல், இத்தீமையை உலகறியச் செய்தது.

நம் நாடும் இப்பாடத்தை விலை கொடுத்தே கற்றது. 1958-இல் கேரளத்தில், பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த உணவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரத்தின் பின்னர், 1968-இல் பூச்சிக்கொல்லிகள் சட்டம் இயற்றப்பட்டது. டி.டி.டி.யை வேளாண்மையிற் பயன்படுத்துவது 1989-இல் தடை செய்யப்பட்டது. காசர்கோட்டுப் பகுதியில் முந்திரித் தோட்டங்களின் மேல் வானூர்தி வழியே எண்டோசல்பான் பல ஆண்டுகள் தெளிக்கப்பட்டது. அங்குள்ள மக்கள் நோயுற்று வருந்திய செய்தி நாடெங்கும் பரவிற்று. 2011-இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. இந்நிகழ்ச்சிகள் அனைத்தும் காட்டுவது ஒன்றே: தீங்கு முற்றிய பின்னரே அது கண்ணுக்குத் தெரிந்தது. முற்றுமுன் அதனை அறிவதற்கு வழி உண்டா என்பதே அறிவியலாரின் கேள்வி.

முத்துச் சிப்பி ஒரு வகையில் அவ்வழியைக் காட்டுகிறது. சிப்பி இரை தேடி அலைவதில்லை. ஓரிடத்தில் ஒட்டியிருந்து, நீரைத் தன் செவுள்களின் வழியே இடையறாது செலுத்தி, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்து உண்கிறது. ஆதலின் நீரில் கலந்துள்ள நஞ்சின் ஒரு பகுதி சிப்பியினங்களின் உடலிலும் சேர்கிறது. இவ்வியல்பைக் கருதியே, எட்வர்டு கோல்டுபெர்க் என்னும் அமெரிக்க அறிஞர், கடற்கரை நெடுகச் சிப்பியினங்களை எடுத்து ஆராய்ந்து கடலின் தூய்மையைக் கண்காணிக்கலாம் என்று 1975-இல் கூறினார். அக்கருத்துப் பின்னர்ப் பல நாடுகளிற் செயற்படுத்தப்பட்டது. ஆயினும் சிப்பி உடனே செய்தி சொல்வதில்லை. தான் நஞ்சை ஏற்ற பின்னரே சொல்கிறது. உயிர் ஒன்று துன்புறுமுன்பே செய்தி சொல்லும் கருவி வேண்டும்.

அக்கருவி எத்துணை நுண்ணியதாக இருத்தல் வேண்டும் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 25 மீட்டர் நீளமும், 20 மீட்டர் அகலமும், 2 மீட்டர் ஆழமும் உடைய ஒரு குளத்தில் 10 லட்சம் லிட்டர் நீர் கொள்ளும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு வகுத்த வரம்பின்படி, ஒரு லிட்டர் நீரில் எண்டோசல்பான் 0.4 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தல் ஆகாது. அதாவது, அக்குளம் முழுவதிலும் அரைக் கிராம் எண்டோசல்பான் கலந்தாலே வரம்பு மீறியதாகும். ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்போ, எந்த ஒரு பூச்சிக்கொல்லியும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைக் கடத்தலாகாது என்று விதித்துள்ளது. இவ்வளவு சிறிய அளவு நீரின் நிறத்தை மாற்றாது, சுவையை மாற்றாது, நாற்றத்தையும் தாராது. கண்ணும் நாவும் மூக்கும் தோற்கும் இடம் இது. தெளிவு வேறு, தூய்மை வேறு என்பது இதனால் விளங்கும்.

இத்தகைய நுண்ணளவைக் கண்டறிய ஆய்வுக்கூடங்களில் நிறப்பிரிகை என்னும் முறை உண்டு. நீரில் கலந்த பொருள்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அடையாளங் கண்டு, அளவிடுவது அம்முறை. அதன் முடிவு மிகவும் நம்பத்தக்கது. ஆனால் அதற்குரிய கருவிகள் விலை மிக்கவை, பயின்றவர் வேண்டும், நீரைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, குளிர்ச்சி கெடாமல் நெடுந்தொலைவு கொண்டு செல்ல வேண்டும். விடை வருவதற்குள், மழை பெய்து வடிந்து, ஆற்றுநீர் கடலில் கலந்துவிடக் கூடும். ஆதலால், நீர்க்கரையிலேயே நின்று, சில நிமிடங்களில், 'ஐயத்துக்கு இடமுண்டு' என்றேனும் உரைக்கும் எளிய கருவியை அறிவியலார் நாடினர். அந்நாட்டம் அவர்களை ஒளியிடம் கொண்டு சேர்த்தது. ஒளி நீரினூடே செல்லும். சென்ற வழியில் எதிர்ப்பட்டவற்றால் மாறுதலுறும். அம்மாறுதலை அளந்தால், எதிர்ப்பட்டது யாதென ஓரளவு உய்த்துணரலாம். இவ்வாறு ஒளியின் மாறுதலைக் கொண்டு ஒரு பொருளின் இருப்பை அறியும் கருவியை ஒளியுணரி என்பர். அதன் வகைகளுள் மூன்று இங்குக் கருதத்தக்கவை.

முதல் வகை பொன்னால் அமைவது. பொன் மஞ்சள் நிறமுடையது என்பது சிறுவரும் அறிந்தது. ஆயின் பொன்னை மிக மிக நுண்ணிய துகள்களாக்கி நீரிற் பரப்பினால், அந்நீர் மாதுளஞ்சாறு போலச் சிவந்து தோன்றும். மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில அறிஞர் 1857-ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்து வெளியிட்டார். அத்துகள்களின் அளவை நானோமீட்டரால் கூறுவர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால், அதில் ஒரு கூறே நானோமீட்டர். ஏறத்தாழ 15 நானோமீட்டர் அளவுள்ள பொன் துகள்கள் ஒளியிலுள்ள பச்சைப் பகுதியை விழுங்குகின்றன. எஞ்சிய ஒளி கண்ணுக்குச் செந்நிறமாகத் தோன்றுகிறது. துகள்கள் ஒன்றையொன்று நெருங்கித் திரளுமானால், விழுங்கப்படும் பகுதி மாறி, நீர் நீல நிறம் கொள்ளும். சில பூச்சிக்கொல்லிகள் துகள்களின் மேல் ஒட்டி, அவற்றைத் திரளச் செய்கின்றன. அந்நிற மாற்றமே அறிகுறி.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் தலாப்பில் பிரதீப்பும் அவருடைய மாணவர்களும் இத்துறையில் உழைத்தனர். எண்டோசல்பான் பட்டவுடன் பொன் துகள்களின் நிறம் மாறுவதையும், அந்நஞ்சைப் பொன், வெள்ளித் துகள்களைக் கொண்டே நீரினின்று பிரித்தெடுக்கலாம் என்பதையும் அவர்கள் 2003-இல் வெளியிட்டனர். பூச்சிக்கொல்லியை நீக்கும் நீர்வடிகட்டி அவ்வாய்வின் பயனாகப் பின்னர் விற்பனைக்கும் வந்தது. நஞ்சைக் காட்டிய துகளே நஞ்சைக் களையவும் துணையாயிற்று.

இரண்டாம் வகை உயிர்ப்பொருளைத் துணையாகக் கொள்வது. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி செல்லும்போது, அசிட்டைல்கோலின் என்னும் பொருள் தூதாகிறது. தூது முடிந்ததும் அதனை உடனே அகற்றுதற்கு ஒரு நொதி உண்டு. மாலத்தியான், குளோர்பைரிபாஸ் முதலிய கரிமப் பாஸ்பரசு மருந்துகள் அந்நொதியை முடக்குகின்றன. தூது ஓயாமையால் தசை நடுங்கி, பூச்சி மாள்கிறது. மனிதர் உடலிலும் அதே நொதி உண்டு. ஆதலின் அம்மருந்துகள் மனிதர்க்கும் நஞ்சாகின்றன. இந்நொதி முடங்காதிருக்கும்போது, அதற்கென அமைந்த ஒரு வேதிப்பொருளோடு சேர்த்தால் மஞ்சள் நிறம் தோன்றும். எல்மன் என்பார் 1961-இல் வகுத்த முறை இது. ஆய்வுக்குரிய நீரை நொதியோடு கலந்தபின் மஞ்சள் நிறம் நன்கு தோன்றினால், நொதி நலமாக உள்ளது என்க. நிறம் மங்கினால், அதனை முடக்கும் பொருள் நீரில் உள்ளது என்க. இங்கு நிறம் தோன்றுதல் நற்குறி, தோன்றாமை தீக்குறி.

மூன்றாம் வகை தமிழகத்துக்கு மிகவும் உரியது. 1888-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கட இராமன், 1921-இல் கப்பலில் ஐரோப்பா சென்று மீண்டபோது, கடல் ஏன் நீலமாயிருக்கிறது என்று சிந்தித்தார். வானத்தின் நிறம் கடலிற் பட்டுத் திரும்புவதே காரணம் என்று அக்காலத்தார் கருதினர். நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிப்பதும் காரணம் என்று இராமன் காட்டினார். அவ்வாராய்ச்சி தொடர்ந்தது. வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருட்டிணன் உடன் உழைக்க, 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930-இல் நோபல் பரிசு அதற்குக் கிடைத்தது.

ஒரு பொருளின் மேல் ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறும் ஒளியில் மிகப் பெரும்பகுதி அதே நிறத்துடன் இருக்கும். ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு மட்டும் நிறம் மாறி வரும். அம்மாற்றம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனித்தனியானது. மனிதரைக் கைரேகையால் அறிவது போல, மூலக்கூற்றை அதனால் அறியலாம். ஆனால் அவ்வொளி மிக மங்கியது. நீரில் உள்ள நஞ்சோ மிக அரியது. இவ்விரு குறையும் சேர்ந்தால், காண்பது எவ்வாறு? 1974-இல் இங்கிலாந்து நாட்டு ஆய்வாளர், சொரசொரப்பாக்கிய வெள்ளியின் மேல் ஒட்டிய பொருளின் இராமன் ஒளி வியக்கத்தக்கவாறு வலுத்திருப்பதைக் கண்டனர். அன்று முதல், வெள்ளி, பொன் ஆகியவற்றின் நுண்பரப்பில் ஒரு துளி நீரை இட்டு, அதிலுள்ள பூச்சிக்கொல்லியின் கைரேகையைப் படிக்கும் முயற்சி உலகெங்கும் வளர்ந்து வருகிறது.

இராமனுக்கு முத்தோடும் தொடர்பு உண்டு. முத்தின் ஒளி சாயத்தால் வந்ததன்று. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கனமே உடைய சுண்ணத் தகடுகள் அடுக்கடுக்காகப் படிந்து முத்தாகின்றன. அவ்வடுக்குகளில் பட்டு மீளும் ஒளியலைகள் தம்முட் கூடியும் கழிந்தும் வண்ணம் காட்டுகின்றன. சிப்பியின் ஒளிர்வை 1930-களிலும், முத்தின் ஒளியியல்பை 1954-இலும் இராமன் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். முத்தின் உள்ளமைப்பை ஒளியைக் கேட்டு அறிந்தவர் அவர். அவர் கண்ட அதே ஒளிநெறி, முத்து வாழும் நீரின் நலத்தையும் கேட்டறிய இன்று உதவுகிறது.

இம்மூன்று சான்றுகளும் இருக்க, நீரின் குறையை எளிதிற் கண்டுவிடலாம் என்று எண்ணுதல் தவறு. ஆய்வுக்கூடத்திற் காய்ச்சி வடித்த நீர் வேறு. ஆற்றிலும் கழிமுகத்திலும் ஓடும் நீர் வேறு. வடித்த நீரில் நஞ்சு மட்டும் கலந்திருக்கும். இயற்கை நீரிலோ மண், பாசி, மட்கிய இலைச்சாறு, உப்பு, உலோகம் எனப் பல கலந்திருக்கும். அவை ஒவ்வொன்றும் ஒளியை மாற்றும் ஆற்றல் உடையன.

இதனை ஒரு சிறு சோதனையால் மனத்தில் இருத்தலாம். மூன்று கண்ணாடிக் குழாய்களில் சிவந்த பொன்நீரை எடுத்துக்கொண்டதாகக் கருதுக. முதற்குழாயில் காய்ச்சி வடித்த நீரையும், இரண்டாவதில் பூச்சிக்கொல்லி கலந்து வைத்த நீரையும், மூன்றாவதில் புன்னைக்காயல் முகத்துவாரத்தின் உப்புநீரையும் சேர்த்தால், முதற்குழாய் சிவந்தே நிற்கும். இரண்டாவது நீலமாகும். மூன்றாவதும் நீலமாகும்! மூன்றாவது நீரில் பூச்சிக்கொல்லி உண்டு என்று உடனே கூவலாமா? கூடாது. பொன் துகள்களின் மேல் உள்ள மின்னூட்டம் அவற்றை ஒன்றையொன்று விலக்கி நிறுத்துகிறது. உப்பு அம்மின்னூட்டத்தின் வலிமையைக் குறைக்கிறது. துகள்கள் திரண்டு நீலமாகின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. எண்டோசல்பானுக்கு வகுத்த வரம்போ 0.4 மைக்ரோகிராம். அஃதாவது, தேடும் பொருளைப் போல எட்டரைக் கோடி மடங்குக்கு மேற்பட்ட உப்பு அந்நீரில் உள்ளது. உப்பளங்களுக்குப் பேர் பெற்ற தூத்துக்குடிக் கரையில், உப்பு சொல்லும் பொய்யை நஞ்சு சொல்லும் மெய்யென மயங்குதல் எளிது.

ஏனைய சான்றுகளுக்கும் இத்தகைய குறை உண்டு. நொதியை மாலத்தியான் மட்டும் முடக்குவதன்று; பாதரசம், செம்பு முதலிய உலோகங்களின் உப்புகளும் முடக்கும். ஆதலின் மஞ்சள் நிறம் மங்கியது கொண்டு, பூச்சிக்கொல்லியே காரணம் எனத் துணிதல் ஆகாது. எதிர்மறையாக, டி.டி.டி. போன்ற குளோரின் மருந்துகள் அந்நொதியை முடக்குவதில்லை. ஆகவே மஞ்சள் நிறம் நன்கு தோன்றியது கொண்டு, நீர் முற்றும் தூயது எனத் துணிதலும் ஆகாது. மட்கிய இலைச்சாறு தானே ஒளிரும் தன்மையுடையது. அவ்வொளிர்வு இராமன் ஒளியின் மெல்லிய கோடுகளை மறைத்துவிடும். கலங்கிய நீரோ ஒளியைக் கண்டபடி சிதறடிக்கும்.

ஆதலின் நீதிமன்றத்தில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது போல, அறிவியலார் ஒளியையும் குறுக்கு விசாரணை செய்கின்றனர். முதலில் நீரை வடிகட்டி, மண்ணையும் பாசியையும் நீக்குவர். உப்பால் திரளாதவாறு பொன் துகள்களுக்கு மெல்லிய காப்புறை இடுவர். அதே உப்பும் அதே கலங்கலும் உடைய, ஆனால் நஞ்சில்லாத நீர் ஒன்றை ஒப்பீட்டுக்காக உடன் வைத்துப் பார்ப்பர். பின்னர், ஆய்வுக்குரிய நீரிலேயே அறிந்த அளவு பூச்சிக்கொல்லியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கருவியின் விடை அதற்கு ஏற்ப உயர்கின்றதா எனக் காண்பர். உயரவில்லையெனின், நீரிலுள்ள வேறு பொருள் கருவியை மயக்குகிறது என்று அறிவர். ஒரே கருவியை நம்பாது, இரண்டு மூன்று வகைகளைக் கொண்டு ஒன்றன் கூற்றை மற்றொன்றால் சரிபார்ப்பர். இறுதியில், ஐயத்துக்கு உரிய நீரை மட்டும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, நிறப்பிரிகையால் முடிவு காண்பர். சுருங்கக் கூறின், ஒளியுணரி ஊரைச் சுற்றிவரும் காவற்காரன்; ஆய்வுக்கூடம் வழக்கைத் தீர்க்கும் நடுவர். காவற்காரன் இல்லையேல் களவு தெரியாது. நடுவர் இல்லையேல் குற்றமற்றவரும் தண்டிக்கப்படுவர்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று வினவலாம். பொய்யான அபாயக் குரலுக்கும், பொய்யான அமைதிக்கும் விலை கொடுப்பவர் எளிய மக்களே. நீரில் நஞ்சு இல்லாதபோது உண்டு என்று கூவினால், மேல்பகுதி உழவர் வீண்பழி சுமப்பர். கீழ்க்கரையில் மீனவர் பிடித்து வந்த மீனை வாங்குவார் இரார். நீரில் நஞ்சு உள்ளபோது இல்லை என்று வாளாவிருந்தால், அந்நீரைப் பருகும் குழந்தையும், அந்நீரில் வாழும் மீனும் தீங்குறும். மருந்து தெளிக்கும் உழவரே எல்லார்க்கும் முன் அந்நஞ்சைத் தம் மூச்சிலும் தோலிலும் ஏற்பவர் என்பதையும் மறத்தலாகாது. ஆதலின் ஒளியுணரி உழவர்க்குப் பகையான கருவியன்று. தெளித்த மருந்து பயிரில் தங்காமல் நீரில் ஓடுகிறது என்று அது காட்டுமாயின், அளவைக் குறைக்கவும், மழைக்கு முன் தெளியாதிருக்கவும், பூச்சியின் இயற்கைப் பகைகளைத் துணைக்கொள்ளவும் அது வழிகாட்டும். பொருளும் மிஞ்சும், உடலும் நலம் பெறும்.

இந்தியக் கரையில் பெரிய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. அதற்கு முன்னும் பார்களில் சிப்பிகள் சில காலம் பெருகுவதும், பல ஆண்டுகள் காணாமற் போவதும் உண்டு. ஆதலின் முத்துக்குளிப்பு நின்றதைப் பூச்சிக்கொல்லியின் மேல் ஏற்றிக் கூறுதல் முறையன்று. சான்றின்றிப் பழி கூறுதல் அறிவியலும் ஆகாது, அறமும் ஆகாது. சிப்பிகளின் தொடர்பு அக்கரையில் அற்றுப்போகவும் இல்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி, தூத்துக்குடியில் சிப்பியினுள் கருவை வைத்து முத்தை வளர்க்கும் முயற்சியில் வெற்றி கண்டார். அங்கிருந்து இராமேசுவரம் பக்கம் வரை பரந்த 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப் பாறைகளும், கடற்புல்லும், கடற்பசுவும், சங்கும், சிப்பியும் அந்நீரை நம்பி வாழ்கின்றன. கரையிலுள்ள மக்களும் அதனை நம்பியே வாழ்கின்றனர். அந்நீர்க்கு வேண்டுவது வீண் அச்சமும் அன்று, வீண் நம்பிக்கையும் அன்று, இடையறாத ஆராய்ச்சியே.

ஆறு தன் கரையில் வாழ்வார் இட்டதையெல்லாம் சுமக்கும். இது வேண்டும், இது வேண்டாம் என்று அது ஒதுக்குவதில்லை. கொற்கைத் துறையைத் தூர்த்த வண்டல் கண்ணுக்குத் தெரிந்தது. ஆயினும் அதனைத் தடுப்பார் இலராயினர். இன்று நீரில் வருவன கண்ணுக்குத் தெரியா. ஆனால் அவற்றைக் காட்டவல்ல ஒளியும், அவ்வொளி கூறுவதை ஆராய்ந்து தெளியும் அறிவும் மனிதர்க்கு வாய்த்துள்ளன. மாதிரிச் சிப்பியைத் திறந்து பார்த்த பின்னரே முத்தின் மதிப்பைக் கூறினர் முன்னோர். புன்னைக்காயலில் ஒரு கை நீரை அள்ளிப் பார்ப்பவர், அதன் தெளிவைக் கண்டு மகிழ்வதோடு அமையாது, அதன் தூய்மையையும் கேட்டறிதல் வேண்டும். கேட்டறிந்த பின், மேல்நிலத்தில் வாழ்வார் கீழ்நிலத்தில் வாழ்வாரை எண்ணி நடத்தல் வேண்டும். ஒளி சான்று கூறும்; அச்சான்றுக்கு ஏற்ப ஒழுகுதல் மக்கள் கடன்.